என் மனைவியின் முழுச் சம்மதம்

வீட்டை விற்றுவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தேன். ஒருமனதாக என்றால், என் ஒரு மனதாக. கூட்டம் பின்னறையில் சாய்வு நாற்காலியில் நடந்தது. வந்திருந்தவன் நான். தலைமை நான். முன்மொழிந்தவனும் வழிமொழிந்தவனும் நானே. எதிர்ப்புக் குரல் எழவில்லை. எழுப்பக்கூடியவள் முன்னறையில் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காது. அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் டயருக்குக் காற்றடித்தார்கள். நான் தொழிலாளர்களுக்குக் காற்றடித்தேன். நாற்பது ஆண்டுகள் சங்கத்தின் ஒவ்வொரு துண்டறிக்கையும் என் பேனாவிலிருந்து வந்தது. 'பொறுத்தது போதும்!' என்று ஆரம்பிப்பேன். 'வெற்றி நமதே!' என்று முடிப்பேன். நடுவில் மட்டும் விஷயம் மாறும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் தெருவில் இலவசமாகக் கொடுத்த தாள்களிலிருந்துதான். ஒன்றையும் நான் கசக்கிப் போட்டதில்லை. இந்த ஊரில் அப்படிச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

சென்ற மாதம் அந்தச் சங்கம் பொன்விழா மலர் போட்டது. முந்நூறு பக்கம். அதில் தலைவரின் கார் ஓட்டுநருக்குப் படம் இருக்கிறது. காருக்குத் தனியாகப் படம் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் பெரிய வேலைநிறுத்தத்தின் படம். அதை ஆரம்பித்தவன் நான். முடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். படத்துக்குக் கீழே, 'இடமிருந்து வலமாக: தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் பலர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொருளாளரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அது என் காது.

மற்றும் பலர்! இரண்டு முறை வேலை நீக்கம். ஒரு முறை, லத்தியின் உபயத்தில், பல் நீக்கம். பலர் என்று போட்டவர்கள் அந்தப் பல்லையாவது குறிப்பிட்டிருக்கலாம்.

ஆகவே என் துண்டறிக்கைகள் அத்தனையையும் நானே தொகுத்து வெளியிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று தொகுதிகள். துணி அட்டை. தங்க எழுத்து. ஒவ்வொரு தொகுதியிலும் என் முகம், இரண்டு காதுகளோடு. அச்சகக்காரர் என் பழைய தோழர். "தோழமை வேற, அச்சுக்கூலி வேற. முழுசும் முன்னாடியே வச்சாத்தான் மிஷின் ஓடும்" என்று கொள்கையோடு சொன்னார். என்னிடம் விற்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். அதை விற்றால் மூன்று தொகுதிகளும் வரும். எங்காவது மாடியில் இரண்டு அறைகள் வாடகைக்கும் கிடைக்கும். மாடிப்படியில் தையல் இயந்திரம் ஏறுமா, வாடிக்கையாளர்கள் ஏறுவார்களா என்பதெல்லாம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை.

தரகரைப் பிடித்தேன். அவருக்கு ஊரில் 'ஆமாஞ்சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் 'ஆமாம் சார்' என்பார். அதற்குப் பிறகுதான் மறுப்பார்.

ஒரு பல் டாக்டருக்கு எங்கள் வீடு பிடித்திருந்தது. குறிப்பாகத் தெருவைப் பார்த்த முன்னறை. அதாவது என் மனைவியின் தையலறை. அங்கே நாற்காலி போட்டுப் பல் பிடுங்கப் போகிறாராம்.

"எல்லாம் சரி சார். வீட்டம்மா கையெழுத்து ஒண்ணு வேணும்" என்றார் ஆமாஞ்சார்.

"எதுக்கு? வீடு என் பேர்ல இருக்கு."

"ஆமாம் சார். உங்க பேர்ல வீடு இருக்கு. ஆனா வீட்ல அவங்க இருக்காங்களே."

"அதனால?"

"சட்டம் சார். குடும்பம் குடியிருக்கிற வீட்டைப் புருஷனோ பொண்டாட்டியோ தனியா விக்க முடியாது. இன்னொருத்தர் சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பதிவே ஆகாது."

"எந்த முட்டாள் கொண்டுவந்த சட்டம்யா இது?"

ஆமாஞ்சார் தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் சார். 'மனைவியைக் கேட்காமல் மனையை விற்காதே'ன்னு மூணு மாசம் ஊர்வலம் போனீங்களே. நான்கூட ஒரு நோட்டீஸ் வாங்கினேன்."

நினைவு வந்தது. நான் கலந்துகொண்ட போராட்டங்களில் முழு வெற்றி பெற்றவை இரண்டு. ஒன்று இது. மற்றொன்று பணிமனைக் கழிப்பறைக்குக் கதவு.

"அது குடிகாரப் புருஷன்களுக்காகப் போட்ட சட்டம்யா. என்னை மாதிரி கொள்கைக்காரனுக்கு இல்லை."

"ஆமாம் சார். ஆனா பாரத்துல குடிகாரன், கொள்கைக்காரன்னு தனித்தனிக் கட்டம் இல்லையே" என்று சொல்லிச் சம்மதப் பத்திரத்தை என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். நேரடியாகக் கேட்டுவிடலாம் என்று முன்னறைக்குப் போனேன். கழுத்தில் அளவு நாடா. வாயில் குண்டூசி. மடியில் யாருடைய திரைச்சீலையோ. முதலாளிகளின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தவன் நான். இந்த அறைக்குள் நுழையும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்வேன். தரையில் ஊசி கிடக்கும் என்பதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரக்கூடாது. அது பேச்சுவார்த்தையின் பாலபாடம். ஆகவே சுற்றி வளைத்தேன்.

"ஏம்மா, என் பழைய துண்டறிக்கை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில இருந்துதே?"

"இருந்துது."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு. வேற ரூபத்துல."

தலையால் சுவரைக் காட்டினாள். ஆணியில் ஒரு கொத்துத் தாள்கள் தொங்கின. துணி வெட்டுவதற்கு அளவு மாதிரியாகத் தையற்காரர்கள் தாளில் வெட்டி வைத்திருப்பார்களே, அவை. நாலைந்து தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, தோள் வடிவிலும் கை வடிவிலும் வெட்டியிருந்தாள். ஒரு கழுத்து வளைவின் ஓரத்தில் 'பொறுத்தது போ' என்று இருந்தது. 'தும்' வெட்டுப்பட்டிருந்தது.

"அடிப்பாவி! என் துண்டறிக்கையைத் துண்டு போட்டுட்டியா?"

"பேரே துண்டறிக்கைதானேங்க? முழு அறிக்கையா இருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"இது வரலாறு!"

"தெரியுமே. அதனாலதான் பத்திரமா ஆணியில மாட்டியிருக்கேன். இதோ பாருங்க, கூலி உயர்வு, அரைக்கைக்கு. கண்டனக் கூட்டம், கழுத்துக்கு. வேலைநிறுத்தம் இடுப்புக்கு. அது நல்லா விரிஞ்சு கொடுக்குது. ஒரு சமரச ஒப்பந்தம் இருந்துது. எந்த அளவுக்கும் ஒத்து வரலை. எறிஞ்சுட்டேன்."

ஆணியருகே போய் 'பொறுத்தது போ'வைத் தடவிப் பார்த்தேன்.

"வருத்தப்படாதீங்க. இந்தத் தெருவுல பாதிப் பேர் உங்க கொள்கைப்படிதான் உடுத்தறாங்க."

வாசகமெல்லாம் எனக்கு மனப்பாடம்தானே என்று சுதாரித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

"நான் யோசிச்சுப் பாத்தேன். நம்ம ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு?"

"ரெண்டு பேரா? உங்க பேச்சுக்கே தனியா ஒரு அறை வேணுமே."

"விளையாடாதே. சொத்துங்கிறது கால் விலங்கு. மனுஷனுக்கு மனை எதுக்கு?"

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரைச்சீலையில் குத்தினாள். எல்லாவற்றையும் குத்தி முடித்த பிறகு கேட்டாள்:

"மனையை எடுத்துட்டா மனைவியில என்னங்க மிஞ்சும்?"

"என்ன மிஞ்சும்?"

"'வி' ஒண்ணுதான் மிஞ்சும். அதை வச்சு என்ன பண்றது? விசிறிக்கலாம்."

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. சம்மதம் என்றும் சொல்லவில்லை. மறுப்பு என்றும் சொல்லவில்லை. நிர்வாகத்தினர் இதைப் 'பரிசீலனையில் உள்ளது' என்பார்கள். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றுவிடுவான். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியும். வேறு வழியைத் தேடினேன்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சங்கம் எதற்கு மனுக் கொடுத்தாலும் ஆயிரம் கையெழுத்து என்று நான் மேடையில் அறிவித்துவிடுவேன். முந்நூறு கிடைக்கும். மீதியை என் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பாள். வலது கையில் ஒரு நூறு. இடது கையில் ஒரு நூறு. சாய்த்து, நிமிர்த்தி, நடுங்கி, கிறுக்கி, ஒற்றுப் பிழையோடு, ஒற்றுப் பிழையில்லாமல். ஒரு தடவை கமிஷனரே மனுவைப் பார்த்து, 'மக்கள் எழுச்சி' என்று அசந்துபோனார். அது தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்த எழுச்சி என்று அவருக்குத் தெரியாது. மோசடி என்று சிலர் சொல்லலாம். போராட்டத்தில் எண்ணிக்கை என்பது ஒரு உணர்வு.

ஆக, நான் தாளை நீட்டினால் அவள் கையெழுத்துப் போடுவாள். படிக்கமாட்டாள். முப்பத்தெட்டு ஆண்டு வழக்கம்.

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு தயாரித்தேன். தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மனுவோடு கையெழுத்துக்கு நான்கு தாள்கள். ஐந்தாவதாகச் சம்மதப் பத்திரம். அதன் தலைப்பு உள்ளே போகும்படி மடித்து, அடியில் கையெழுத்துப் போடும் கோடு மட்டும் தெரியும்படி வைத்தேன். ஒற்றைக் கோடு என்றால் தன் பெயரைத்தான் போடுவாள் என்பது என் கணக்கு. எதிர்வீட்டு டீச்சருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

"மறுபடியும் மனுவா?" என்றாள் டீச்சர்.

"மக்கள் பிரச்சனை ஓயறதில்லை டீச்சர்" என்றேன்.

"எத்தனைங்க?" என்றாள் என் மனைவி, நாடாவை விடாமல்.

"அஞ்சு தாள். அவசரம்."

"வச்சுட்டுப் போங்க. இவங்க கை முடிஞ்சதும் போட்டுடறேன்."

கால் மணி நேரத்தில் தாள்கள் திரும்பி வந்தன. ஐந்தாவது தாளின் கோட்டின் மேல் நீலமாக ஏதோ கிறுக்கியிருந்தது. மை காய்வதற்குள் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குள் ஒரு ஊர்வலமே போயிற்று.

மறுநாள் காலை பதிவு அலுவலகம். பல் டாக்டர் வந்திருந்தார். ஆமாஞ்சார் வந்திருந்தார். பதிவாளர் ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார். கண்ணாடி வழியாகத் தாளைப் பார்ப்பார். இரண்டில் எதையும் நம்பமாட்டார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. என் பத்திரங்களைப் புரட்டினார். சம்மதப் பத்திரத்தில் நின்றார்.

"உங்க மனைவி பேர் என்ன?"

சொன்னேன்.

"அப்போ பொதுமக்கள் யாரு?"

"மன்னிக்கணும்?"

தாளைத் திருப்பிக் காட்டினார். நீலக் கிறுக்கலை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். 'இப்படிக்கு, இத்தெருப் பொதுமக்கள்.'

"பொதுமக்களுக்கும் உங்களுக்கும் எப்போ கல்யாணம் ஆச்சு?" என்றார் பதிவாளர்.

"நான் பொதுவாழ்க்கையில இருக்கறவன் மேடம்..."

"இருக்கலாம். அதுக்காக இவ்வளவு பொதுவாவா?"

பல் டாக்டர் சிரித்தார். தொழில் சுத்தமான சிரிப்பு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஐயா, இது சரிப்படாது. அந்தம்மாவை நேர்ல கூட்டிட்டு வாங்க. நான் தனியா உட்கார வச்சுக் கேப்பேன். அவங்க சுயமா சம்மதிச்சா அஞ்சு நிமிஷத்துல பதிவு. இல்லேன்னா இல்லை."

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தேன்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"என்னங்க பண்ணேன்? நாலு தாளுக்கு எண்பது பேர் போட்டேன். கை வலியே வந்துடுச்சு. அஞ்சாவதுக்கு வந்தப்போ பேர் தீர்ந்துபோச்சு. அதான் மொத்தமா பொதுமக்கள்னு போட்டுட்டேன். எப்பவும் அப்படித்தானே போடுவோம்?"

"அது மனு இல்லை!"

"அப்படியா? தலைப்பை உள்ள மடிச்சு வச்சிருந்தீங்களே. வெயில் படாம இருக்கட்டும்னு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மலர், காது, மூன்று தொகுதிகள், பல் டாக்டர், மாடியில் இரண்டு அறைகள். சொல்லும்போதே அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். முதல் கட்டம், மௌன விரதம். இரண்டாம் கட்டம், ஒத்துழையாமை. மூன்றாம் கட்டம், வாசலில் பாய் விரித்துக் காலவரையற்ற உண்ணாவிரதம். அதற்கான தட்டிக்கு வாசகம்கூட எழுதி வைத்திருந்தேன்.

"கடைசியாக் கேக்கறேன். பதிவு அலுவலகத்துக்கு வர்றியா, இல்லையா?"

"வர்றேன்."

"வந்து?"

"சம்மதம்னு சொல்றேன்."

"ஏன்?"

"நீங்க கேட்டீங்களே."

கேட்டவுடனே கொடுத்த நிர்வாகத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்னொரு படி இருக்கிறது என்று ஓங்கி வைத்த காலுக்குப் படி இல்லாமல் போனதுபோல் இருந்தது.

"உன் கோரிக்கை என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க."

"தையல் மிஷினை எங்கே போடுவே?"

"நீங்க எங்கே சொல்றீங்களோ அங்கே."

"கோபமா?"

"சேச்சே. ஆபீசுல என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் கொடுத்துடுங்க. எனக்கு உங்களை மாதிரி பேச வராது."

அந்த இடத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் 'உங்களை மாதிரி' என்ற சொல் என்னை வீழ்த்திவிட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் கேட்ட முதல் உரை! பேனாவை எடுத்தேன். தாளை எடுத்தேன். பதிவாளர் என்னென்ன கேட்பார் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். துண்டறிக்கைக்கு எழுதும் பழக்கத்தில், கண்ணில் அறையும்படி சின்னச் சின்ன வரிகளாக உடைத்து எழுதினேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பும் போட்டேன்.

"இதை மனப்பாடம் பண்ணு. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேசமாட்டேங்க" என்று வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுபடியும் பதிவு அலுவலகம். என்னையும் டாக்டரையும் ஆமாஞ்சாரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார் பதிவாளர். கதவு சாத்தப்பட்டது. நல்லகாலம், அந்த அறைக்கு மரத்தடுப்புச் சுவர்தான். கூரை வரைக்கும் எட்டாது. உள்ளே பேசுவது வெளியே தெளிவாகக் கேட்டது. நல்லகாலம் என்று அப்போது நினைத்தேன்.

"பயப்படாம உட்காருங்கம்மா. வீட்டை விக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதங்க."

நான் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

தாள் பிரியும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் மேடம். அது இரண்டாவது பதில்ல இருக்கு."

நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன்.

"என்னம்மா அது?"

"நான் சுயமா என்ன சொல்லணும்னு எங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார். படிக்கட்டுங்களா?"

"...படிங்க."

என் மனைவி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் இல்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படிப்பாள். ஆனால் அன்று நான் எப்படி வரி உடைத்தேனோ, அப்படியே நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'எவருடைய தூண்டுதலும் இன்றி, நானே, நானாக...' இங்கே குரலை உயர்த்தவும். மன்னிக்கணும், அது ஓரத்துல போட்டிருக்கு. 'கடந்த முப்பத்தெட்டு ஆண்டுகளாக என் கணவரோடு உடன்...'"

நிறுத்தினாள்.

"'...பட்டு வந்த நான், இந்த முடிவுக்கும் முழுமனதோடு உடன்...'"

நிறுத்தினாள்.

"'...படுகிறேன்.'"

உடன்பட்டு வந்ததும் உடன்படுகிறதும்தான் நான் எழுதியது. சத்தியம். ஆனால் தடுப்புக்கு மேலே ஏறி வந்தது வேறு. முப்பத்தெட்டு ஆண்டுகளாக என்னோடு பட்டுவந்த ஒரு பெண், இன்னும் படுகிறேன் என்று சொன்னது எனக்கே கேட்டது. டாக்டர் என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

"ரொம்பப் பட்டுட்டீங்களாம்மா?" பதிவாளரின் குரல் தணிந்திருந்தது.

"அதுக்குப் பதில் இதுல எழுதலையே மேடம்."

"தாளை வைங்க. உங்க வாயால சொல்லுங்க."

"இதுல இருக்கறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"வீட்டை வித்தபிறகு எங்க போவீங்க?"

"அவர் எங்க சொல்றாரோ அங்கங்க."

"தையல் வேலை பண்றதா பத்திரத்துல இருக்கே. அது?"

"அதுவும் அவர் சொல்ற இடத்துலதாங்க. எனக்குன்னு கோரிக்கை ஒண்ணும் இல்லை. சம்மதம், சம்மதம், சம்மதம். மூணு தடவை சொல்லணும்னு போட்டிருக்குங்க."

கதவு திறந்தது. பதிவாளர் அம்மாள் வாசலில் நின்றார். கையில் என் தாள். இந்தத் தடவை கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம் மேடம். ஆனா..."

"இந்த விற்பனையை நிராகரிக்கிறேன். இனி அந்தம்மாவே தனியா வந்து, தன் கைப்பட எழுதி விண்ணப்பம் கொடுத்தாலொழிய இந்த வீட்டைப் பத்தின எந்தப் பத்திரமும் இந்த ஆபீசுல ஏறாது."

"மேடம், அவ சம்மதம்னுதானே சொன்னா! நாலு தடவை சொன்னா!"

"அதுதான் ஐயா பிரச்சனை. பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். குடியிருக்கிற வீட்டை விக்கறதுக்கு ஒரு கேள்வி, ஒரு நிபந்தனை, ஒரு முணுமுணுப்பு இல்லாம சம்மதிச்ச பொம்பளையை நான் பார்த்ததே இல்லை. மிரட்டினாலொழிய அப்படி ஒரு சம்மதம் வராது."

"மிரட்டறதா? நானா? மனைவிமார் உரிமைக்கு ஊர்வலம் போனவன் மேடம் நான்! இந்தச் சட்டமே..."

"ஊர்வலத்துல எல்லாரும்தான் போவாங்க. வீட்டுக்குத் திரும்பி எப்படி நடக்கறாங்கங்கறதுதான் கேள்வி. அம்மா, இவரால ஏதாவது தொந்தரவு வந்தா நேரா எங்கிட்ட வாங்க."

"சரிங்க மேடம். சட்டை ஏதாவது தைக்கணும்னா சொல்லியனுப்புங்க" என்றாள் என் மனைவி.

பல் டாக்டர் விடைபெறாமலே போய்விட்டார். ஆமாஞ்சாரைப் பார்த்து, "அடுத்த வாரம் வேற ஆளைப் பார்ப்போமா?" என்றேன். அவர் தன் வாழ்நாளில் முதல் முறையாக நேராக, "வேண்டாம் சார்" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். அவள் செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். முன்னறைக்குப் போய் இயந்திரத்தின் மேல் கிடந்த துணியை உதறி விரித்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். உனக்கு இஷ்டமில்லைன்னா, முடியாதுன்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே? இந்த அவமானம் எதுக்கு?"

அவள் ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நூலைக் கோத்தாள். முதல் முயற்சியிலேயே கோத்துவிட்டாள்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? வாசல்ல பாய் விரிச்சு உட்கார்ந்திருப்பீங்க. தெருவே கூடியிருக்கும். பேச்சுவார்த்தை, சமரசம்னு இழுத்து, கடைசியில முன்னறை போயிருக்கும். முடியாதுன்னு சொல்றவங்களை என்ன செய்யணும்னு உங்களுக்கு நாற்பது வருஷமாத் தெரியும். சரின்னு சொல்றவங்களை என்ன செய்யறதுன்னுதான் உங்களுக்குத் தெரியாது."

எத்தனையோ முதலாளிகளோடு மோதியிருக்கிறேன், ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை.